கிராமத்தின் பிறந்தநாளும் என் கணவரின் திவசமும்

1

இந்த வருடம் எங்கள் கிராமத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். என் கணவரின் இரண்டாவது ஆண்டுத் திவசமும் அதே நாளில் வந்து விழுந்தது. எனக்கும் கிராமத்துக்கும் சண்டை வந்தது அப்படித்தான். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், "வெளிநாட்டில் இருந்துகொண்டு இவளுக்கு என்ன குறை?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. குறையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இந்தக் கிராமம் என்ன சாமான் என்று சொல்லவேண்டும். மொன்றியல் நகரத்திலிருந்து மேற்கே போகும் ரயிலில் ஏறி, டோர்வல் விமான நிலையத்தையும் தாண்டிப் போனால் ஏரிக்கரையோரம் வரும் இடம். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதைப்பற்றி விவாதிக்க ஒரு கமிட்டி கூடும். ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடங்கள், நூலகம், நீச்சல் குளம், பனிச்சறுக்கு அரங்கு, படகுக் கழகம், கல்லால் கட்டிய ஆங்கிலிக்கன் தேவாலயம், போரில் செத்தவர்களுக்கு ஒரு தூண், நாய்கள் ஓடி விளையாடத் தனியாக வேலி போட்ட ஒரு பூங்கா, எல்லாம் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் இவ்வளவும் இருந்தால் எப்போதோ நகரசபை ஆக்கியிருப்பார்கள். இவர்கள் விடாப்பிடியாக "த வில்லேஜ்" என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் வீட்டு விலை ஏறுமாம்.

ஒரு மாடு கிடையாது. கோழி வளர்க்க அனுமதி எடுக்கவேண்டும். வீட்டு முன்பக்கத்தில் உடுப்புக் காயப்போட்டால் பக்கத்து வீட்டார் சிரித்த முகத்தோடு வந்து கதவைத் தட்டுவார்கள். இதுதான் கிராமம்.

இதன் வரலாற்றைத் தெருவுக்குத் தெரு பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் பிரெஞ்சு விவசாயிகளின் வயல். பிறகு ரயில் பாதை போட்டார்கள். நகரத்து ஆங்கில வியாபாரிகள் கோடை வெக்கைக்குத் தப்பி ஏரிக் காற்று வாங்க வந்தார்கள். வந்தவர்கள் மாளிகை கட்டினார்கள். பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகள் வருடம் முழுக்க இங்கேயே தங்கி, காலை ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போய் மாலை ரயிலில் திரும்பி வரத் தொடங்கினார்கள். அன்று தொடங்கிய போக்குவரத்து இன்றும் நடக்கிறது. காலையில் ரயில் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனால் கிராமத்தில் மிஞ்சுவது நாய்களும், அவற்றை நடத்திச் செல்லும் ஓய்வூதியக்காரர்களும், பிள்ளை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண்களும்தான். இவர்கள் எல்லோருக்கும் முன்னர் இந்த ஏரிக்கரையில் வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு ஒரேயொரு பலகையில் ஒரேயொரு வரி உண்டு. மாளிகைகளில் சமைத்தவர்கள், துவைத்தவர்கள், தோட்டம் கொத்தியவர்களுக்கு அதுவும் இல்லை.

2

இந்த இடத்தைப் பிடித்து வந்தவர் என் கணவர்தான். நாங்கள் முதலில் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தோம். பிறகு லாசாலில் ஒரு அடுக்குமாடி. அவர் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையல்கூடத்தில் வேலை செய்தார். ஒருநாள் வேலைக்குப் போகும்போது ரயிலில் தூங்கிப்போய், டோர்வலைத் தாண்டி இங்கே வந்து இறங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "இஞ்சை பாருங்கோ, உப்பிடி ஒரு இடம் இருக்கெண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது" என்றார். அன்றிலிருந்து அதே கதைதான். கடைசியில், ரயில் நிலையத்திலிருந்து நல்ல தூரத்தில், ஒருவரும் விரும்பாத ஒரு சின்ன வீட்டை வங்கிக்கு எழுதிக்கொடுத்து வாங்கினோம்.

மனிதர் இந்தக் கிராமத்தில் மயங்கிக் கிடந்தார். லாசாலிலிருந்தும் ரொரன்ரோவிலிருந்தும் வரும் சொந்தக்காரரைச் சோறு போடுவதற்கு முன்பே ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இந்த மாளிகை விஸ்கி வியாபாரியுடையது, அந்த மாளிகையில் இளவரசர் ஒருவர் தங்கினார் என்று அளந்துவிடுவார். அதில் பாதி அவரே கட்டிய கதை. எதிரே வருகிற எல்லோருக்கும் "குட் மோர்னிங்" சொல்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன்.

"அவையள் திருப்பிச் சொல்லீனமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொல்லுவினம். நாய்க்காரர் சொல்லுவினம். மற்றவை தலையை ஆட்டுவினம். அது காணும்."

"உங்கட பேரைக் கேட்டவையோ?"

"ஏன் கேக்கோணும்? நான் என்ன கலியாணம் பேசவோ போறன்?"

ஏழு வருடம் இதே தெருவால் நடந்தார். ஒருவர்கூட அவர் பெயரைக் கேட்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தாள், ஆங்கிலத்தில் சிரிக்கிறாள், வீட்டில் எனக்காகத் தமிழ் கதைக்கிறாள். நான் நகரத்தில் ஒரு கார்தெரியில், அதாவது பாலர் பராமரிப்பு நிலையத்தில், சமையல் வேலை செய்கிறேன். அங்குள்ள மூன்று வயதுப் பிள்ளைகள் என் பிரெஞ்சைத் திருத்துவார்கள். வீட்டுக்கு வந்தால் மகள் என் ஆங்கிலத்தைத் திருத்துவாள். வாயைத் திறந்தால் திருத்த ஆள் நிற்கிற நாடு இது.

3

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கொதிக்கிற வெயில். கனடா என்றால் பனி மட்டும்தான் என்று நினைக்கிறீர்கள். இங்கே ஆடி வெயில் ஈரத்தோடு சேர்ந்து ஆளை அவிக்கும். அவர் வேலை முடிந்து நடுப்பகல் ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார். நெஞ்சுக்குள் ஏதோ செய்திருக்கவேண்டும். பழைய ரயில் நிலையக் கட்டடத்தின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கட்டடத்தில் இப்போது ரயில்காரர் யாரும் இல்லை. அது மரபுச் சின்னமாம். பூட்டித்தான் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு காலத்தில் குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. நாங்கள் வந்த புதிதில் நானே அதில் குடித்திருக்கிறேன். பிறகு கட்டடத்தைப் பழையபடி புதுப்பிக்கிறோம் என்று ஒரு பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். புகைப்படத்தில் குழாய் இல்லையாம். பிடுங்கி எறிந்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு முந்திய ஆட்களுக்குத் தாகம் எடுக்கவில்லை போலும்.

கட்டடத்துக்கு நேரெதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு வெள்ளை வீடு. அதில் மார்கரட் என்றொரு அம்மா தனியாக இருக்கிறாள். அவள் ஜன்னலால் இவரைப் பார்த்திருக்கிறாள். ஒரு மனிதன் படியில் சாய்ந்துகொண்டு இருக்கிறான், எழும்பவில்லை. என்ன செய்திருப்பீர்கள்? எங்கள் ஊரில் எதிரி வீட்டுக்காரன்கூட ஒரு செம்பு தண்ணீரோடு ஓடி வந்திருப்பான். அவள் தொலைபேசியை எடுத்துப் பொலிசைக் கூப்பிட்டாள். தெரியாத ஆள் ஒருவன் நிலையப் படியில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறாள்.

பொலிஸ்காரப் பையன்தான் பிறகு மகளுக்கு எல்லாம் சொன்னான். அவன் வந்தபோது இவருக்கு நினைவு இருந்திருக்கிறது. தண்ணீர் கேட்டிருக்கிறார். அவன் காரில் இருந்த போத்தலை எடுக்க ஓடியிருக்கிறான். எடுத்துக்கொண்டு வந்தபோது நினைவு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

இருதயம், தண்ணீர் குடித்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நம்புகிறேன். என் கோபம் அவர் செத்ததற்கு இல்லை. சாகிற நேரத்தில் வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காமல் செத்தாரே, அதற்குத்தான். சாகப்போகிறவரின் வாயில் பால் விடுவதற்கு அடித்துப் பிடித்து ஓடுகிற சனம் நாங்கள். ஆமி ஷெல் அடித்த காலத்தில் பதுங்குகுழிக்குள் கிடந்தும் அதைச் செய்தோம். குண்டு விழாத நாட்டில், பச்சைப் புல்லுக்கு நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் விசிறும் கிராமத்தில், என் மனுசன் வறண்ட வாயோடு போனார்.

செத்தவீடு முடிந்து ஒரு கிழமையால் மார்கரட் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் வாழைப்பழக் கேக். வாசலில் நின்றபடி, "அழைத்தது நான்தான். அதை நீங்கள் தெரிந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். பொலிஸ் வரும்வரை ஜன்னலை விட்டு நகரவே இல்லை" என்றாள். பெருமையாகச் சொன்னாள். நான் "தாங்க்யூ" என்றேன். இத்தனை வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குப் பற்றி எரிந்தது. கேக்கைக் குப்பையில் கொட்டினேன்.

4

கோயில் திருவிழாக் காலத்தில் எங்கள் ஊர்த் தெருக்களில் தண்ணீர்ப் பந்தல் போடுவது உங்களுக்குத் தெரியும். இறந்தவர் பெயரில் போடுவதும் உண்டு. மோர், சர்க்கரைத் தண்ணீர், ஊறுகாய் கரைத்த தண்ணீர். வருகிறவரை யார் என்று கேட்கக்கூடாது, இல்லையென்று சொல்லக்கூடாது, காசு வாங்கக்கூடாது. எங்கள் ஊரும் சொர்க்கம் இல்லை. அந்தப் பந்தல்களிலும் ஒரு காலத்தில் சில சாதிக்காரருக்குச் செம்பைக் கொடுக்காமல் தூக்கிக் கையில் ஊற்றினார்கள். சின்ன வயதில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அநியாயம்தான். ஆனாலும் தாகத்தோடு வந்தவனை யாரும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அவருக்கு அப்படி ஒரு பந்தல் போடவேண்டும் என்று நினைத்தேன். முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு மேசை போட்டேன். எங்கள் ஒழுங்கையால் யார் வருவார்கள்? தபால்காரர் வந்தார், ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் வந்தாள். மிச்ச மோரை நானும் மகளும் மூன்று நாள் குடித்தோம். இந்த வருடம் அவர் இருந்த படிக்குப் பக்கத்தில்தான் போடுவது என்று முடிவு செய்தேன்.

அனுமதி கேட்க நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கருமபீடத்தில் இருந்த பெண் "போன்ஜூர், ஹாய்" என்றாள். நல்ல பெண். நல்ல பெண்களிடம்தான் அதிகம் அவஸ்தைப்படவேண்டியிருக்கிறது.

"என்ன விற்கப்போகிறீர்கள்?"

"ஒன்றும் விற்கவில்லை."

"அப்படியானால் நிதி சேகரிப்பு. எந்த அமைப்புக்கு?"

"எந்த அமைப்புக்கும் இல்லை. சும்மா கொடுக்கப்போகிறேன்."

அவள் கணினியைப் பார்த்தாள். விற்பனைக்கு ஒரு கட்டம் இருந்தது, நிதி சேகரிப்புக்கு ஒரு கட்டம் இருந்தது. சும்மா கொடுப்பதற்குக் கட்டம் இல்லை. விளம்பரமா என்று கேட்டாள். மதப் பிரசாரமா என்று கேட்டாள். என் கணவரின் நினைவுநாள் என்றேன். முகம் இளகியது. எப்போது காலமானார் என்று கேட்டாள். திகதியைச் சொன்னேன்.

"ஆனால் நீங்கள் அனுமதி கேட்பது வேறு திகதிக்கு."

திதியை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? ஆடி மாதத்துத் தேய்பிறைத் தசமி என்றால் அவளுக்கு என்ன விளங்கும்? நிலாவைப் பார்த்து நாள் வைப்போம், ஒவ்வொரு வருடமும் திகதி மாறும் என்றேன். அவள் மிகவும் மரியாதையாக, "அவர் இறந்த உண்மையான நாளுக்குக் கேட்டால் இடம் இருக்கிறது" என்றாள். உண்மையான நாள்! நான் பொய்யான நாளில் அழப்போகிறேன் என்று நினைத்தாள் போலும். "உங்களின் ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் ஒரே திகதியிலா வருகிறது?" என்று கேட்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

நான் கேட்ட நாள் கிராமத்தின் பிறந்தநாளாம். ஊர்வலம், வாத்தியம், மரபு நடை எல்லாம் அன்றைக்குத்தான். பழைய மாளிகைகளைச் சுற்றிக் காட்டுகிற அந்த மரபு நடை பழைய நிலையத்தில் தொடங்கிப் பழைய நிலையத்தில் முடியுமாம். அதனால் அந்த இடம் இல்லை. வேண்டுமானால் பனிச்சறுக்கு அரங்குக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் தரலாம் என்றாள். என் கணவர் அங்கே சாகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கு முன்பே ஒருதடவை நகராட்சிக் கூட்டத்துக்குப் போய், மேயரின் முகத்துக்கு நேரே எழுந்து நின்று, அந்தக் குழாயைத் திரும்பப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். கருத்தில் எடுத்துக்கொள்வோம் என்றார். எடுத்துக்கொண்ட கருத்து எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. நாய்ப் பூங்காவில் நாய்களுக்குத் தரையோடு ஒரு குழாய் இருக்கிறது. அதற்குக் கருத்துக் கேட்கவில்லை.

5

அன்று பின்னேரம் ஆரணி வேலையால் வந்து பையைக் கீழே வைக்காமலே தொடங்கினாள். அவள் அந்த மரபு நடைக் கமிட்டியில் தொண்டர். எனக்கு அது தெரியும். ஆனால் என்னைப் பற்றி அவளிடம் பேசுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"அம்மா, கமிட்டியிலை என்னைக் கூப்பிட்டுக் கதைச்சவை. உங்களோட ஒருக்காக் கதைக்கச் சொல்லுகினம்."

"என்னோட கதைக்க அவையளுக்கு வாய் இல்லையோ?"

"ப்ளீஸ், அம்மா. ஒரு நாள்தானே. அடுத்த நாள் செய்யுங்கோவன்."

"திவசத்தை அடுத்த நாள் செய்யிறதோ? உன்ர பேத்டேயை ஒருக்கா அடுத்த நாள் கொண்டாடட்டே?"

"அப்பாவுக்கு இந்த இடம் எவ்வளவு விருப்பம் தெரியுமோ? நீங்கள் ஏன் அதை வெறுக்கிற இடமாக்கிறியள்?"

"நான் ஆக்கேல்லை, பிள்ளை."

"நான் இஞ்சைதான் வாழோணும், அம்மா."

"வாழு. ஆர் வேண்டாமெண்டது? உன்ர அப்பா இஞ்சைதான் செத்தவர். அதையும் உங்கட நடையிலை சொல்லுவியளோ?"

அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவளும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள், பெற்ற பிள்ளையைக் கிராமத்துக்குத் தத்துக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு வந்த நாட்களில் சாப்பாட்டு மேசையில் உப்பு, புளி தவிர வேறு கதை இல்லை.

6

பிறந்தநாள் விடிந்தபோதே வெக்கை. காலையில் ஐயர் வந்து திவசத்தை முடித்துவிட்டுப் போனார். ஆரணி கும்பிட்டுவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். மரபு நடைக்கு வழிகாட்ட, நூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலச் சீமாட்டியின் வேசம். கழுத்துவரை மூடிய வெள்ளைச் சட்டை, நிலத்தைக் கூட்டும் பாவாடை, வைக்கோல் தொப்பி. அந்தக் காலத்தில் அவளை இந்தத் தெருவில் கோப்பை கழுவக்கூட விட்டிருப்பார்களோ தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது அன்று எனக்குப் பெரிய பாடு.

லாசாலிலிருந்து என் சிநேகிதி கமலா அக்கா வானில் இரண்டு பெரிய அண்டாக்களோடு வந்து இறங்கினாள். மோருக்குச் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் வெட்டிப் போட்டோம். சர்க்கரைத் தண்ணீருக்கு இஞ்சி தட்டி, தேசிக்காய் பிழிந்தோம். நிலையப் படிக்குப் பக்கத்து நடைபாதையில் மேசையைப் போட்டு, மேலே ஒரு வேட்டியைக் கட்டினேன். அவருடைய வேட்டிதான்.

"பொலிஸ் வந்தா என்ன சொல்லுறது?" என்றாள் கமலா அக்கா.

"பொலிசுக்கும் ஒரு கப் ஊத்து" என்றேன்.

பொலிசுக்குப் பதிலாக நகராட்சிக் காவலர் வந்தார். அல்ஜீரியாக்காரர். அனுமதி எங்கே என்று பிரெஞ்சில் கேட்டார். இல்லை என்றேன். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். "எங்கள் ஊரிலும் வாசலில் தண்ணீர் வைப்போம்" என்றார். ஒரு கப் மோர் குடித்தார், இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார், காரமாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பையிலிருந்து கருவியை எடுத்து எனக்குத் தண்டச் சீட்டு அடித்துத் தந்தார். "நான் சாப்பாட்டுக்குப் போகிறேன். திரும்பி வரும்போது நீங்கள் இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனவர் பின்னேரம்வரை வரவில்லை. அந்த வகையில் நல்ல மனுசன். ஆனால் சீட்டு சீட்டுத்தான்.

ஊர்வலம் போனது. பிள்ளைகள் வந்தார்கள், முதலில் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். பெரியவர்கள் தூரத்தில் நின்று, எவ்வளவு காசு என்று கேட்டார்கள். சும்மா என்றதும் சந்தேகத்தோடு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். வெயில் ஏற ஏறக் கிட்ட வந்தார்கள்.

மரபு நடை வந்து முடிகிற நேரம் உச்சி வெயில். ஆரணி முன்னால் வர, பின்னால் வயதானவர்களும் நடுத்தர வயதினருமாக ஒரு கூட்டம், வேர்த்து விறுவிறுத்து. எல்லா மாளிகையும் பார்த்து வந்தவர்களுக்கு வழியில் ஒரு வாய் தண்ணீர் இல்லை. பாவம், அவர்களின் புகைப்படத்திலும் குழாய் இல்லை. ஆரணி என் மேசையைக் கண்டதும் நின்றாள். அந்தத் தொப்பிக்குக் கீழே அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்திலிருந்து முதலில் வந்தது மார்கரட். முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்வை. "ஓ, எவ்வளவு அழகான ஏற்பாடு! இது எதற்காக?" என்று கேட்டாள். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. என் வீட்டு வாசலில் கேக்கோடு நின்றவளுக்கு என் முகம் நினைவில்லை.

நான் மோரை ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். பந்தல் போட்டால் யார் என்று பார்க்கக்கூடாது. சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டைவரை வந்தது. தமிழில் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல் வரவில்லை.

"என் அப்பாவின் நினைவுநாள்," என்று ஆரணி ஆங்கிலத்தில் சொன்னாள். "இந்தப் படியில் இருந்தவர்."

"ஆ, ஞாபகம் வருகிறது. பாவம், உன் அப்பா." மார்கரட் குடிக்காமல் கப்பைக் கையில் வைத்திருந்தாள். "நான்தான் அழைத்தேன், உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பொலிசை அழைத்தீர்கள்."

"என்னால் முடிந்ததைச் செய்தேன், அன்பே."

ஆரணி தொப்பியைக் கழற்றினாள். "உங்கள் கதவிலிருந்து இந்தப் படிக்குத் தெருவைக் கடந்தால் போதும். நீங்கள் கடக்கவில்லை. அவர் ஏழு வருடம் உங்களுக்குக் காலை வணக்கம் சொன்னவர். அவருடைய பெயர் என்ன? சொல்லுங்கள்."

கூட்டத்தில் யாரோ ஒருவர் "ஆரணி, இது அதற்கான நேரம் இல்லை" என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒருவருக்காவது தெரியுமா? இங்கே நிற்கிற யாருக்காவது? தேவராசா. அவருக்குப் பெயர் தேவராசா. தண்ணீர் கேட்டார். இந்தக் கிராமத்தில் ஒருவரும் கொடுக்கவில்லை. காலையிலிருந்து நான் உங்களுக்கு வரலாறு சொல்லிக்கொண்டு வந்தேன். இதுதான் மிச்ச வரலாறு."

அவள் சொன்னது அவ்வளவுதான். குரல் உயரவில்லை. இரண்டு வருடமாக நான் ஒரு அறையிலும் அவள் ஒரு அறையிலும் ஒரே நெருப்பை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். நான் தமிழில் எரிந்தேன், அவள் ஆங்கிலத்தில் எரிந்தாள். அவள் பொலிஸ்காரனிடம் கேட்டதை எனக்குச் சொன்னவள், தனக்கு என்ன செய்தது என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்கரட் கப்பை மேசையில் வைத்துவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். வெள்ளை வீடு எதிரேதான் இருக்கிறது. போகவில்லை. காலையிலிருந்து வெயிலில் நடந்தவள். கப்பை வாயில் வைத்து, மிளகாயையும் வெங்காயத்தையும்கூடப் பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், கப்பை மறுபடி என்னிடம் நீட்டினாள்.

"ஊத்தாதேங்கோ, அம்மா" என்றாள் ஆரணி. அத்தனை பேருக்கும் முன்னால், தமிழில்.

"ஊத்தத்தான் வேணும், பிள்ளை."

விளிம்புவரை ஊற்றினேன். மார்கரட் குடித்து முடிக்கும்வரை அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு நல்ல தாகம். என் மனுசனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.